முகமும் சின்னமும்: இராமநாதபுரம் கடற்கரையில் திரைப்புகழின் தேர்தல் கணக்கு

2009 மே 16 அன்று வாக்கு எண்ணிக்கை முடிந்தபோது, இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளரும் திரைப்பட நடிகருமான ஜே.கே. ரித்தீஷ் சுமார் 70,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, அதே மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய திருவாடானை சட்டமன்றத் தொகுதியில் நகைச்சுவை நடிகர் கருணாஸ் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்றார். 2018 பிப்ரவரி 21 அன்று, பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன் இராமேசுவரத்திலிருந்து அரசியல் பயணத்தைத் தொடங்கி, அன்றிரவே மதுரை ஒத்தக்கடையில் மக்கள் நீதி மய்யத்தை அறிவித்தார். ஆனால் இந்த மாவட்டத்தின் எந்தத் தொகுதியிலும் அவர் வேட்பாளராக நிற்கவில்லை.

பத்தாண்டுக்குள் ஒரே வட்டாரத்தில் மூன்று நடிகர்கள் மூன்று வழிகளில் அரசியலுக்குள் நுழைந்த இந்த நிகழ்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், நாடாளுமன்ற முறையில் திரைப்புகழ் எதுவரை செல்லுபடியாகும் என்பதை ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடியும். என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். புகழ் ஒருவருக்குக் கட்சியில் சீட்டு வாங்கித் தருகிறது. அவரை வெல்ல வைப்பது கூட்டணிக் கணக்கும், அந்தக் கணக்கை வாக்குச்சாவடிவரை கொண்டுசேர்க்கும் கட்சிக்காரர்களும்தான். வென்று அவைக்குள் போனபின் அவருடைய முகத்துக்கு அங்கே தனி மதிப்பு எதுவும் கிடையாது.

தொகுதியும் தடைக்காலமும்

2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறைக்குப் பின், இராமநாதபுரம் மக்களவைத் தொகுதி இராமநாதபுரம், பரமக்குடி, திருவாடானை, முதுகுளத்தூர் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளோடு புதுக்கோட்டை மாவட்டத்து அறந்தாங்கியையும் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியையும் உள்ளடக்கியது. பரமக்குடியும் திருச்சுழியும் நீங்கலாக மற்ற நான்கும் கடலைத் தொடுகின்றன. கோட்டைப்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம் என்று ஒருபுறமும், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று மன்னார் வளைகுடாப் பக்கமும் நீளும் கரைக்குப் பின்னால், கண்மாயையும் வானத்தையும் நம்பி நெல்லும் குண்டு மிளகாயும் விளைவிக்கும் ஊர்கள் இருக்கின்றன. கடற்கரை ஊர்களை மட்டும் நம்பியோ, எந்த ஒரு சமூகத்தை மட்டும் நம்பியோ இங்கே யாரும் வென்றுவிட முடியாது.

தேர்தலுக்கும் கடல் தொழிலுக்கும் இங்கே ஒரு தற்செயலான பொருத்தம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. முன்பு 45 நாளாக இருந்தது 2017 முதல் 61 நாளாயிற்று. 2009 மே 13, 2014 ஏப்ரல் 24, 2016 மே 16, 2019 ஏப்ரல் 18, 2024 ஏப்ரல் 19 ஆகிய வாக்குப்பதிவு நாள்கள் ஐந்துமே இந்தத் தடைக்காலத்துக்குள் வந்தவை. மற்ற நாள்களில் திங்கள், புதன், சனி என்று முறை வைத்து, மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் இராமேசுவரத்து விசைப்படகுத் தொழிலாளி அப்போது கரையில்தான் இருப்பார். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவதும், வர்ணம் பூசுவதும், வலை சீர்செய்வதும் அந்த நாள்களின் வேலை. 2009, 2016 தேர்தல்களில் பிரச்சாரத்தின் கடைசி வாரங்கள் முழுவதும் தடைக்காலத்தில் நடந்தன என்பதால், ஒரு நடிகரின் திறந்த வேன் துறைமுகத்துப் பக்கம் திரும்பினால் ஆள் சேர்ப்பதற்கு யாரும் மெனக்கெட வேண்டிய தேவையே இருந்திருக்காது. வேலையில்லாத நாளில் திரைமுகம் ஒன்றை நேரில் காண வந்து நிற்பவர்களின் தலைகளை வைத்து வாக்கைக் கணக்கிடுவது எவ்வளவு பிசகானது என்பதை இந்தக் கரையைப் போல் வேறெதுவும் காட்டாது.

இந்தத் தொகுதியின் உறுப்பினரிடம் மக்கள் எதிர்பார்ப்பது என்ன என்பதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. 1971இல் இங்கிருந்து மக்களவைக்குப் போன பார்வர்டு பிளாக் கட்சியின் பி.கே. மூக்கையாத் தேவர், 1974இல் கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் அவைக்கு வந்தபோது அதை எதிர்த்துப் பேசினார். அந்த எதிர்ப்பால் ஒப்பந்தம் தடைபடவில்லை, நிறைவேறிவிட்டது. ஆனாலும் அந்தத் தீவு இராமநாதபுரம் சமஸ்தானத்துக்கு உரியதாக இருந்தது என்ற உரிமைக் குரல் அவைக் குறிப்பில் ஏறியது தொகுதி உறுப்பினர் ஒருவரின் வாயால்தான். ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் இங்கே தேர்தல் மேடையில் ஏறும் எவரும், நடிகரானாலும் இல்லாவிட்டாலும், கச்சத்தீவைத் தொடாமல் இறங்குவதில்லை.

2009: உதயசூரியனில் ஒரு நடிகர்

ரித்தீஷ் பெரிய நட்சத்திரம் என்று அவருடைய ரசிகர்கள்கூடச் சொல்லத் தயங்குவார்கள். கதாநாயகனாக அவர் நடித்து வெளிவந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க படங்களே. 2008இல் வந்த ‘நாயகன்’ அவற்றுள் ஒன்று. அவருக்குச் சீட்டுக் கிடைத்ததில் திரையை விடவும், தி.மு.க.வின் முன்னாள் அமைச்சரும் மாவட்டத்தில் செல்வாக்குள்ளவருமான சுப. தங்கவேலனின் உறவினர் என்பது கூடுதலாக வேலை செய்திருக்கும் என்பது என் கணிப்பு. அதாவது, கட்சிக் குடும்பமும் திரைமுகமும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன.

அந்தத் தேர்தலின் பின்னணியை நினைவில் கொள்ள வேண்டும். 2008 அக்டோபர் 19 அன்று, இலங்கையில் போர் இறுதிக்கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது, தமிழ்த் திரையுலகினர் இராமேசுவரத்துக்கே வந்து ஈழத் தமிழர்க்கு ஆதரவாகப் பொதுக்கூட்டம் நடத்தினர். அங்கே பேசியதற்காக இயக்குநர்கள் சீமானும் அமீரும் சில நாள்களில் கைதாயினர். அகதிகள் வந்திறங்கும் கரை இது. மண்டபம் முகாம் இங்கேதான் இருக்கிறது. மத்தியில் காங்கிரஸோடு ஆட்சியில் இருந்த தி.மு.க. மீது ஈழ விவகாரத்தில் கடுமையான கோபம் பேசப்பட்ட நேரத்தில், போர் முடிவதற்குச் சில நாள் முன்னர் நடந்த வாக்குப்பதிவில், இதே தொகுதி தி.மு.க. நடிகரைத் தேர்ந்தெடுத்தது.

இதை ரித்தீஷின் முகவசீகரத்துக்கு எழுதி வைப்பது எளிது. வாக்குக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. அவருக்குக் கிடைத்தவை சுமார் 2.95 லட்சம் வாக்குகள். அ.தி.மு.க.வின் வ. சத்தியமூர்த்தி சுமார் 2.25 லட்சமும், பா.ஜ.க.வின் சு. திருநாவுக்கரசர் சுமார் 1.28 லட்சமும் பெற்றார்கள். எதிரணியின் இந்த இரண்டு தொகைகளைக் கூட்டினால் மூன்றரை லட்சத்தைத் தாண்டும். பா.ஜ.க.வுக்கு இந்தத் தொகுதியில் வழக்கமாகக் கிடைத்திராத அந்த வாக்கு, எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து அ.தி.மு.க. அரசியலில் வளர்ந்தவரான திருநாவுக்கரசரின் சொந்தச் செல்வாக்கால் வந்தது என்றே கொள்ள வேண்டும். அவர் பிரித்தது பெரும்பாலும் அ.தி.மு.க.வின் பழைய வாக்கு. இதற்கிடையே விஜயகாந்தின் தே.மு.தி.க.வும் தனியே நின்று ஏறத்தாழ 50,000 வாக்குகளைக் கொண்டுபோயிற்று. மாநிலம் முழுவதும் சுமார் 10 விழுக்காடு வாக்கை அந்தத் தேர்தலில் பெற்ற கட்சி அது. ஓர் இடத்திலும் வெல்லவில்லை. ரித்தீஷைவிடப் பலமடங்கு பெரிய நட்சத்திரத்தின் கட்சி இங்கே நான்காம் இடத்தில் நின்றது என்பதை, புகழே வெற்றி என்று வாதிடுபவர்கள் விளக்கியாக வேண்டும்.

ஐந்தாண்டு முடிந்தபின் அவர் மீண்டும் இங்கே நிற்கவில்லை. 2014இல் அ.தி.மு.க.வில் சேர்ந்தார். 2019இல் அக்கட்சியின் கூட்டணியில் நின்ற பா.ஜ.க. வேட்பாளர் நயினார் நாகேந்திரனுக்காகப் பிரச்சாரம் செய்துகொண்டிருந்த நாள்களில், ஏப்ரல் 13 அன்று, மாரடைப்பால் காலமானார். அவரைச் சுற்றி இருந்த கூட்டம் அவரோடு கட்சி மாறியதற்கான தடயம் எதுவும் வாக்கில் தெரியவில்லை. அவர் ஆதரித்த அணி இரண்டு தேர்தல்களிலும், 2014இல் வென்றும் 2019இல் தோற்றும், மாநிலத்தின் போக்கோடுதான் போயிற்று.

2016: திருவாடானையும் கொறடாவும்

கருணாஸின் நிகழ்வு இன்னும் நுணுக்கமானது; எனக்கு இந்த மூன்றில் அதுவே அதிகம் சொல்லித்தருவதாகப் படுகிறது. அவர் ‘நந்தா’ படத்தின் ‘லொடுக்கு பாண்டி’யாக அறிமுகமாகி மக்கள் மனதில் பதிந்தவர். முக்குலத்தோர் புலிப்படை என்ற அமைப்பின் தலைவர். ஜெயலலிதா 2016இல் சிறு அமைப்புகளின் தலைவர்கள் சிலருக்கு இடம் கொடுத்தபோது, கருணாஸ் திருவாடானையிலும், தமிமுன் அன்சாரி நாகப்பட்டினத்திலும், தனியரசு காங்கேயத்திலும் நின்றார்கள். மூவருக்கும் சின்னம் இரட்டை இலை, மூவரும் வென்றார்கள்.

திருவாடானை சாதாரணமாக வெளியாள் வென்றுவிடும் தொகுதி இல்லை. கரியமாணிக்கம் அம்பலம், அவருடைய மகன் கே.ஆர். ராமசாமி என்று இரண்டு தலைமுறை அங்கே பலமுறை வென்றிருக்கிறது. 2021இல் மூன்றாம் தலைமுறையாக ராம. கருமாணிக்கம் காங்கிரஸில் நின்று வென்றார். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நகைச்சுவை நடிகர் 2016இல் கரையேறியதற்கு இரட்டை இலையை விட்டால் வேறு காரணம் தேடுவது கடினம். எனினும் அந்தச் சின்னத்துக்கு ஒரு விலை இருந்தது.

இந்திய அரசமைப்பின் பத்தாவது அட்டவணை, 1985இல் 52ஆம் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட கட்சித் தாவல் தடைச் சட்டம், தேர்தலில் தன்னை வேட்பாளராக நிறுத்திய கட்சியின் உறுப்பினராகவே ஒரு சட்டமன்ற உறுப்பினரைக் கருதுகிறது. தனி அமைப்பு, தனிக் கொடி, தனி மேடை எல்லாம் இருந்தாலும், அவைக்குள் கருணாஸ் அ.தி.மு.க. உறுப்பினர். ஜெயலலிதா மறைந்தபின் கட்சி உடைந்து, 2017 பிப்ரவரியில் கூவத்தூர் விடுதியில் உறுப்பினர்கள் தங்கவைக்கப்பட்டபோது அவரும் அங்கே இருந்தார். பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு 122 வாக்குகளுக்கு 11 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றது. பின்னர் அவர் ஆட்சியோடு முரண்பட்டு, 2018 செப்டம்பரில் முதலமைச்சரையும் காவல் துறை அதிகாரி ஒருவரையும் சாடிப் பேசிய பேச்சுக்காகக் கைதானார். வெளியே மேடையில் அவருடைய குரல் எவ்வளவு உரத்திருந்தாலும், அவையில் எப்படி வாக்களிப்பது என்று கட்சியின் சார்பில் உத்தரவிடும் கொறடாவை மீறினால் பதவி போகும் என்ற நிலை மாறவே இல்லை.

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துத் தொகுதியான பரமக்குடியின் அ.தி.மு.க. உறுப்பினர் முத்தையா, முதலமைச்சர் மீதான நம்பிக்கையின்மையை ஆளுநரிடம் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர். 2017 செப்டம்பர் 18 அன்று சட்டமன்றத் தலைவர் அவரையும் சேர்த்து 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார்; 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது; பரமக்குடிக்கு 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் வந்து அ.தி.மு.க.வே மீண்டும் வென்றது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் அந்தத் தொகுதிக்கு உறுப்பினரே இல்லை. திருவாடானையில் இருந்தவர் நடிகர், பரமக்குடியில் இருந்தவர் நடிகரல்லர். சட்டம் இருவரையும் ஒரே தராசில்தான் நிறுத்தியது.

திரையில் நாயகன் ஒருவன் தனியாளாக நின்று கோட்டையை எதிர்த்துவிடலாம். நாடாளுமன்ற முறையில் அந்தத் தனியாளுக்கான இடத்தை 1985இலேயே சட்டம் அடைத்துவிட்டது. கட்சி உடையக் கூடாது என்பதற்காகக் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு அது. நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால் நடிகரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர், அவருடைய துணிச்சலுக்கு வாக்களிப்பதாக நினைத்துக்கொண்டு, நடைமுறையில் கட்சித் தலைமையின் ஒரு வாக்கை அவைக்கு அனுப்பிவைக்கிறார்.

இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கடல் எல்லைக்கு அப்பாலான மீன்பிடிப்பு மத்தியப் பட்டியலில் இருக்கிறது. டீசல் மானியம், தடைக்கால நிவாரணம், மீன் இறங்குதளம் ஆகியவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினரைப் பிடிக்க வேண்டும். இலங்கைக் கடற்படை பிடித்துவைத்த படகுக்கும் சிறையிலிருக்கும் ஆளுக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் கதவைத் தட்ட வேண்டும். அது மக்களவை உறுப்பினரின் வேலை. இந்தப் பிரிவினை தெரியாமல், அல்லது தெரிந்தும், இரண்டையும் ஒரே மூச்சில் வாக்குறுதியாகத் தரும் பழக்கம் பிரபலங்களிடம் கொஞ்சம் கூடுதல்.

சின்னமும் தனியே வெல்வதில்லை

இதுவரை சொன்னதை வைத்துச் சின்னம் இருந்தால் போதும் என்று யாரேனும் முடிவுசெய்தால், 2024 தேர்தல் அதைப் பொய்யாக்கும். முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பா.ஜ.க. அணியின் ஆதரவோடு சுயேச்சையாக, பலாப்பழச் சின்னத்தில் இராமநாதபுரத்தில் நின்றார். அவருடைய பெயரிலேயே மேலும் ஐந்து பேர் போட்டியிட்டார்கள். 2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் புகைப்படமும் அச்சாகிறது. ஆறு பன்னீர்செல்வங்களில் உரியவரைக் கண்டுபிடிக்க வாக்காளருக்கு முகமும் பழமும்தான் துணை. அவர் 3,42,882 வாக்குகள் பெற்று, இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனியிடம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கில் தோற்றார். இரட்டை இலை அதே தேர்தலில் ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை, வைப்புத்தொகையும் போயிற்று. அணி உடைந்தால் சின்னம் வெறும் படம்.

என் வாதத்துக்கு இடறலான இன்னொரு சான்று, அதே தேர்தலில் சுமார் 98,000 வாக்குகளோடு அ.தி.மு.க.வை நெருங்கிவந்த நாம் தமிழர் கட்சி. திரைப்பட இயக்குநரான சீமான் 2010இல் தொடங்கிய கட்சி, கூட்டணி கிடையாது, பழைய கரும்பு விவசாயிச் சின்னமும் அப்போது கையில் இல்லை, ஒலிவாங்கியில்தான் நின்றார்கள். ஆனால் இதைத் திரைப்புகழின் வெற்றி என்று சொல்வது சரியாகாது. 2016இல் கடலூரிலும் 2021இல் திருவொற்றியூரிலும் சீமானே தோற்றார். 2024வரை கட்சியின் வாக்கு ஒவ்வொரு தேர்தலிலும் படிப்படியாக ஏறியது, ஊர் ஊராக ஆள் சேர்த்த உழைப்பால்.

மாறாக, திரைப்புகழ் ஒரு சின்னமாகவே உருமாறிய நிகழ்வும் தமிழ்நாட்டுக்கு அறிமுகமானதே. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் எம்.ஜி.ஆர். தாமே நிற்காமல் மாயத்தேவரை நிறுத்தினார். இரட்டை இலை முதன்முதலாக வென்றது அங்கேதான். நடிகரின் முகம் இன்னொருவரின் பெயருக்கு மாற்றத்தக்க சொத்தாக ஆனது அந்த நாளில் என்று சொல்லலாம். 1977இல் அவர் முதலமைச்சரானபோது, அன்றைக்கு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த அருப்புக்கோட்டையின் சட்டமன்ற உறுப்பினராகத்தான் ஆனார். அதற்குமுன் தி.மு.க.வில் ஏறத்தாழ இருபது ஆண்டுக் கட்சி வாழ்க்கையின் தொடர்ச்சி அவருக்கு இருந்தது. அவருக்கு இணையான புகழ் பெற்ற சிவாஜி கணேசன் 1988இல் தனிக்கட்சி தொடங்கி, 1989இல் சொந்த மாவட்டத்துத் திருவையாற்றிலேயே தோற்றார்.

2018: தொடங்கிய கரை

கமல்ஹாசன் 2018இல் இராமேசுவரத்தைத் தேர்ந்தது அப்துல் கலாமுக்காக. கலாமின் இல்லத்துக்குப் போய், மீனவர்களைச் சந்தித்து, பேய்க்கரும்பிலுள்ள நினைவிடத்தில் வணங்கி, இராமநாதபுரம், பரமக்குடி வழியாக மதுரைக்குப் போனார். கலாம் படித்த பள்ளிக்குள் செல்ல மட்டும் கல்வித் துறை அனுமதிக்கவில்லை. குறியீடுகளைக் கோப்பதில் அந்த நாள் குறைவைக்கவில்லை. அதற்குப்பின் தொகுதியைக் கோப்பதில்தான் குறை.

தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கும் நாடுகளில் இப்படியொரு பயணத்துக்குப் பொருள் உண்டு. 2019இல் உக்ரைனில் நகைச்சுவை நடிகர் செலென்ஸ்கி அரசியல் அனுபவமே இன்றி அதிபரானார். தமிழ்நாட்டில் முதலமைச்சராக விரும்பும் நடிகர் தம்மைத் தவிர இன்னும் 117 பேரை, அவரவர் ஊரில், அவரவர் எதிராளியிடம் வெல்ல வைக்க வேண்டும். 2019 மக்களவைத் தேர்தலில் மய்யம் ஓர் இடமும் பெறவில்லை. 2021இல் கமல்ஹாசன் பிறந்த ஊரை விட்டுக் கோவை தெற்கில் நின்று, வானதி சீனிவாசனிடம் 1,728 வாக்கில் தோற்றார். சொந்தச் சின்னத்தில் அவ்வளவு நெருங்கியது சாதனைதான். ஆனால் முதலில் வந்தவருக்கே எல்லாம் என்ற முறையில் 1,728க்குத் தனிப் பரிசு கிடையாது.

பிறகு அவர் செய்தது, ரித்தீஷும் கருணாஸும் தொடக்கத்திலேயே செய்ததைத்தான்: ஒரு பெரிய கட்சியின் அணியில் சேர்ந்தார். 2024இல் தேர்தலில் நிற்காமல் தி.மு.க. கூட்டணிக்குப் பிரச்சாரம் செய்தார். 2025 ஜூலையில் மாநிலங்களவை உறுப்பினரானார். தமிழ்நாட்டிலிருந்து ஆறு இடங்களுக்கு நடக்கும் அந்தத் தேர்தலில் ஒருவர் வெல்ல 34 சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கு வேண்டும். மய்யத்துக்கு அப்போது அவையில் ஒரு உறுப்பினர்கூட இல்லை. தி.மு.க. அணியிடம் இருந்த எண்ணிக்கையால் வாக்குப்பதிவே தேவைப்படாமல், போட்டியின்றித் தேர்வானார்.